ஐந்து வாரம் ஒரு வாரமானது எப்படி?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களில் பலருக்கு அடுத்துக் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படும். ஊர்ப்பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். இயந்திரத்தின் கீழே படுத்திருப்பது சில நிமிடங்கள்தான், வலியும் தெரியாது. ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும் என்பதே நெடுங்காலம் நடைமுறை. தினமும் பஸ் பிடிக்க வேண்டும், கூலியை விட வேண்டும், பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், துணைக்கும் ஒருவர் வர வேண்டும். சிகிச்சையைவிட இந்த அலைச்சலே பல பெண்களை உருக்கிவிடும்.

இந்த நாட்களைக் குறைக்க முடியுமா என்று பிரிட்டனில் பொறுமையாக நடந்த ஆராய்ச்சியைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கதிரின் அளவை 'கிரே' என்ற அலகால் குறிப்பார்கள். பழைய முறையில் நாளுக்கு 2 கிரே, 25 நாளில் 50 கிரே. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால், நல்ல திசு இடைவேளையில் தன்னைச் சரிசெய்துகொள்ளும், புற்று அணுவால் அந்த அளவுக்கு முடியாது என்பது அதன் அடிப்படை. பல புற்றுநோய்களுக்கு இது பொருந்தும். மார்பகப் புற்றுநோய்க்கும் பொருந்துமா? லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தின் ஜான் யார்னல்டும் அவருடைய குழுவினரும் இங்கேதான் சந்தேகப்பட்டார்கள். ஒரு வேளைக்கான அளவைக் கூட்டினால் மார்பகப் புற்று அணுவும் நல்ல திசுவைப் போலவே அதிகம் அடிவாங்கும் என்றால், 25 நாளாகப் பிரித்துக் கொடுப்பதில் லாபம் எதுவும் இல்லையே!

'ஸ்டார்ட் பி' என்ற சோதனையில் 2215 பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஐந்து வாரத்தில் 50 கிரே, மறுபாதிக்கு மூன்று வாரத்தில் 40 கிரே. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, மூன்று வாரக் குழுவில் அந்த இடத்தில் நோய் திரும்புவது கூடவில்லை. மார்பு சுருங்குதல், வீக்கம் போன்ற தொல்லைகளும் குறைவாகவே இருந்தன.

அதோடு நிற்கவில்லை. 2011 முதல் 2014 வரை 97 மருத்துவமனைகள் வழியாக 4096 பேரைச் சேர்த்து, 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' என்ற அடுத்த சோதனையைத் தொடங்கினார்கள். மூன்று குழுக்கள். ஒன்றுக்கு மூன்று வாரத்தில் 40 கிரே. மற்ற இரண்டுக்கும் ஒரே வாரத்தில், ஐந்தே நாளில், 27 கிரே அல்லது 26 கிரே. யாருக்கு எது என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. குலுக்கல்போலத்தான் அது முடிவானது. தன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இதற்குச் சம்மதித்தவர்களை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

ஐந்தாண்டு முடிவில், அதே மார்பில் நோய் திரும்பியது 40 கிரே குழுவில் 2.1 சதவீதம், 27 கிரே குழுவில் 1.7, 26 கிரே குழுவில் 1.4. நோயைத் தடுப்பதில் ஒரு வார முறை பின்தங்கவில்லை. ஆனால் 27 கிரே வாங்கியவர்களுக்கு மார்பு இறுகுவது, சுருங்குவது போன்ற பாதிப்புகள் மூன்று வார முறையைவிடக் கூடுதலாகத் தெரிந்தன. 26 கிரே வாங்கியவர்களுக்கு ஏறத்தாழ மூன்று வார முறை அளவுதான். வித்தியாசம் ஒரே ஒரு கிரே! ஆய்வகக் கணக்கை மட்டும் நம்பி இதைத் தீர்மானித்திருக்க முடியாது. ஆயிரக்கணக்கான பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததால்தான் தெரிந்தது.

முடிவு வெளியானது 2020 ஏப்ரலில், கொரோனாவின் உச்சத்தில். ஆஸ்பத்திரிக்குப் போவதே ஆபத்தாக இருந்த நேரம். பிரிட்டன் மருத்துவர்கள் ஐந்து நாள் முறையை வேகமாக ஏற்றுக்கொண்டார்கள்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். நான் சொன்ன முடிவு, அக்குள் நெறிகளுக்குக் கதிர்வீச்சு தேவைப்படாதவர்களைப் பற்றியது. மற்ற புற்றுநோய்களுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. இப்போது கதிர்வீச்சு எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த உரையைக் கேட்டுப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். இனிமேல் தொடங்கப்போகிறவர்கள், "எனக்கு எத்தனை நாள் டாக்டர், ஏன் அத்தனை நாள்?" என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.