உடற்பருமனும் ஆறு கிரியைகளும்: தலைமை உரை



2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 24 விழுக்காடுதான். ஹடயோகம் சொல்லும் சுத்திகரிப்புக் கிரியைகள் இவர்களுக்கு எந்த அளவு உதவும் என்று பேசவே கூடியிருக்கிறோம்.

தௌதி, பஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்று ஆறையும் விரிக்கும் ஹடயோக பிரதீபிகையில் சுவாத்மாராமர் ஒரு வரம்பும் இடுகிறார். கொழுப்பும் கபமும் மிகுந்தவர்கள் பிராணாயாமத்துக்கு முன் இவற்றைச் செய்யட்டும். தோஷங்கள் சமநிலையில் உள்ளவர்களுக்கு இவை தேவையில்லை. பிராணாயாமமே போதும் என்ற ஆசாரியர்கள் சிலரையும் அவர் மறைக்காமல் குறிப்பிடுகிறார். யாருக்கு, எப்போது என்று கேட்டுத்தான் அந்த மரபு கிரியையைக் கொடுத்தது. யோக முகாமுக்கு வந்தவர் எல்லோருக்கும் ஒரே காலையில் உப்புநீரைக் கொடுக்கும் இன்றைய வழக்கம் எனக்குக் கவலை தருகிறது.

தௌதியில் ஒரு வகையான சங்கப் பிரக்ஷாளனத்தையே பாருங்கள். வெதுவெதுப்பான உப்புநீரைக் குடித்து, தாடாசனம் முதலான ஐந்து ஆசனங்களைச் செய்து, மீண்டும் குடித்து, கழிவது தெளிந்த நீராகும் வரை தொடர்கிறோம். பிறகு நெய்விட்ட குழைந்த கிச்சடி. உடனே எடை பார்த்தால் குறைந்திருக்கும். குறைந்தது குடலில் இருந்த மலமும் நீரும். இரண்டொரு நாளில் அந்த எடை திரும்பிவிடும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. குடலைக் கழுவி அதை வெளியேற்ற முடியாது. இதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் எடை திரும்பும்போது அவர் யோகத்தையே விட்டுவிடுவார்.

அப்படியானால் கிரியையால் என்ன பயன்? உணவுக் கட்டுப்பாட்டையும் அன்றாடப் பயிற்சியையும் தொடங்குவதற்கு அது ஒரு நல்ல வாயில் என்பது என் கருத்து. கருத்து மட்டும் போதாது. 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், நௌலியின்போது பெருங்குடலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்குவதை அளந்து காட்டினார். பெருங்குடலைக் கழுவும் பஸ்தியில் நீர் தானாக உள்ளே ஏறுவது ஏன் என்பது அந்த அளவீட்டால் விளங்கியது. நாமும் அளக்க வேண்டும். இரு குழுக்களுக்கும் ஒரே உணவு, ஒரே நடைப்பயிற்சி. ஒரு குழுவுக்குக் கிரியை உண்டு, மற்றதற்கு இல்லை. ஆறு மாதம் கழித்து இடுப்புச் சுற்றளவையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உயர் ரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த உப்புநீர்க் கிரியை கூடாது. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உண்டதை வாந்தியெடுக்கும் பழக்கம் உள்ள இளம்பெண்ணுக்கு நீரைக் குடித்து வாந்தியெடுக்கும் வமன தௌதியைக் கற்பிக்கவே கூடாது. அதைக் கேட்டறிவது ஆசிரியரின் கடமை. பயிற்சியின்போது யாருக்காவது மயக்கமோ வலியோ வந்திருந்தால் அதையும் உங்கள் கட்டுரையில் மறைக்காமல் எழுதுங்கள்.

முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.