அழைப்பின் மறுமுனை

லண்டனில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தாய்மார் பலர், ஊரிலிருக்கும் பிள்ளைகளைக் கைப்பேசி வழியாகத்தான் வளர்க்கிறார்கள். வீட்டுப்பாடம் முடிந்ததா, சாப்பிட்டாயா என்ற விசாரிப்பெல்லாம் அதிலேயே. மிர்கா மடியானூ, டேனியல் மில்லர் இருவரும் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்து 2012-இல் நூலாக வெளியிட்டார்கள். கடிதத்துக்கும் ஒலிநாடாவுக்கும் காத்துக்கிடந்த தாய்மாருக்குக் கைப்பேசி பெரிய ஆறுதல். தாய் என்ற இடம் திரும்பக் கிடைத்ததாகவே பலர் உணர்ந்தார்கள். பிள்ளைகளின் பதிலில் அந்த நிறைவு இல்லை. அடிக்கடி வரும் அழைப்பு சிலருக்குக் கண்காணிப்பாகவே பட்டது.

ஒரு முனையை மட்டும் கேட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். மறுமுனையைக் கேட்டு ஆய்வேடு எழுத பிலிப்பைன்ஸ் கல்லூரி மாணவர்களே பொருத்தமானவர்கள் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே 170-க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. அவற்றில் ஒன்றான செபுவானோவைப் பேசும் சிறுவனிடம் மணிலாவில் தயாரித்த கேள்வித்தாளை நீட்டினால், மரியாதைக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். உள்ளூர் மாணவியிடம் மனம்விட்டுப் பேச வாய்ப்பு அதிகம். தெரிந்தவர்களிடம் கேட்டால் பாரபட்சம் வராதா, ஒரு மாணவி பேசிப்பார்க்கும் பத்துப் பேரை வைத்து நாட்டைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விகள். நாட்டின் சராசரியை அந்தப் பத்துப் பேர் தரமாட்டார்கள்தான். ஆனால் பெரிய கணக்கெடுப்பு எதைக் கேட்கவேண்டும் என்பதை அவர்களிடமிருந்துதான் கற்கமுடியும். பாரபட்சத்தைப் பொறுத்தவரை, 1970-களில் விர்ஜிலியோ என்ரிக்கஸ் முன்னெடுத்த பிலிப்பைன்ஸ் உளவியல் மரபு, கூடி உட்கார்ந்து கதைபேசுவதையே ஓர் ஆய்வுமுறையாக ஏற்றது. யாரிடம், எந்த உறவில், எந்த மொழியில் கேட்டேன் என்பதை மாணவி ஆய்வேட்டிலேயே எழுதிவைத்தால், அவளுடைய சாய்வை வாசகரே எடைபோட்டுக்கொள்ளலாம்.