பிள்ளையை நடுவில் நிறுத்துவோம்

(போதைப்பொருள் ஒழிப்பு நாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



விண்ணரசில் பெரியவர் யார் என்று சீடர்கள் கேட்டபோது, ஆண்டவர் இயேசு ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார். மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். பாவிகளைத் தேடிச் சென்ற அதே இயேசு, சிறுவரை இடறச் செய்கிறவனைப் பற்றிப் பேசும்போது மட்டும், கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவதே அவனுக்கு நல்லது என்னும் அளவுக்குக் கடிந்துகொண்டார்.

நம் நாட்டுச் சட்டமும் பிள்ளையை நடுவில் நிறுத்தியே கோடு போட்டிருக்கிறது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி, 18 வயது நிறையாதவருக்குப் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், யாருக்குமே விற்கக் கூடாது. கஞ்சா முதலியவற்றைத் தடுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்ததே நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று. பள்ளியிலோ அதன் அருகிலோ, மாணவர்கள் விளையாடக் கூடும் இடத்திலோ குற்றம் நடந்திருந்தால், குறைந்தபட்சத் தண்டனையைவிடக் கூடுதலாக விதிக்க நீதிபதி அதைக் கணக்கில் கொள்ளலாம் என்று 2001-இல் திருத்தம் வந்தது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமோ, பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

இத்தனை இருந்தும் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் குட்கா 2013 முதலே தடை. ஆனாலும் உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் 'கூல் லிப்' பொட்டலம் பள்ளிப் பைக்குள் வந்துவிட்டது. 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே இதைக் குறித்துக் கவலைப்பட்டு, நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. 100 கெஜ விதியை மீறினால் அபராதம் 200 ரூபாய் வரைதான். அதைக் கூட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமே.

ஆனால் சட்டம் தோற்கும் இடம் அது ஒன்றுதானா? விற்கிறவர் நமக்கு மாமன் முறை, மச்சான் முறை. அவசரத்துக்குக் கடனுக்குச் சாமான் தருகிறவர். "நமக்கேன் பொல்லாப்பு" என்று நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அதற்கும் மேலே, "பீடி வாங்கிட்டு வாடா" என்று பிள்ளையின் கையிலேயே காசைக் கொடுத்து அனுப்புகிறோம். சட்டம் அடைத்த வாசலைப் பிள்ளைக்குத் திறந்து காட்டியது நாம்தான். இதை ஆண்டவர் முன் ஒப்புக்கொள்வோம்.

நம் தீர்த்தமலையில் பாறையிலிருந்து தீர்த்தம் விழுகிறது. மதம் எதுவானாலும், அந்தத் தண்ணீரில் ஒருவன் அழுக்கைக் கொட்டினால் ஊரே திரண்டு தடுக்கும். நம் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைவிடக் குறைந்தவர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், போதைப்பொருள் கடத்துவோரைக் கொலைகாரர்கள் என்றே கண்டித்தார். ஆனால் அதற்கு அடிமையான ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு கதை உண்டு, அதைக் கேட்க வேண்டும், அவர்களை அன்பு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். சட்டத்திலும் இந்த இரக்கம் உண்டு. போதைக்கு அடிமையாகிச் சிறிதளவு வைத்திருந்த ஒருவர், தாமாகவே முன்வந்து சிகிச்சை பெற்றால், அவரை வழக்கிலிருந்து விலக்க அதில் வழி இருக்கிறது. ஆகவே பெற்றோரே, மகன் தவறிவிட்டான் என்று தெரிந்தால் மானத்துக்கு அஞ்சி மறைக்காதீர்கள். அடித்து வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446 இருக்கிறது.

இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் நாம் ஒரு காரியம் செய்வோம். பள்ளி வாசலிலிருந்து 100 கெஜம் சேர்ந்து நடப்போம். அதற்குள் இருக்கும் கடைக்காரரிடம் முதலில் அன்போடு பேசுவோம். "உங்கள் பிள்ளையும் இங்கேதானே படிக்கிறது" என்று சொல்வோம். கேட்காவிட்டால் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். பீடிக்கும் புகையிலைக்கும் இனி எந்தப் பிள்ளையையும் கடைக்கு அனுப்புவதில்லை என்று வீட்டில் முடிவெடுப்போம்.

இறைவா, நீர் எங்கள் நடுவில் நிறுத்திய பிள்ளைகளைக் காக்கும் கண்ணையும், பேசும் துணிவையும், விழுந்தவரைத் தூக்கும் கையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.