விளையாட்டு வீரரும் குளிசையும்

(எமது மன்ற விளையாட்டுப் பிரிவின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கல்லூரிகளில் விளையாடும் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள், ஊக்கமருந்து ஆகியவை பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி எம்மைப் பணித்தார்கள். இத்தகைய பேச்சைத் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நாவலர் பெருமானும் நான்காம் பாலபாடத்தில் கள்ளுண்ணலைக் கண்டித்திருக்கிறார். இங்குள்ள பிள்ளைகள் அவற்றையெல்லாம் சோதனைக்காக மனனஞ் செய்தவர்கள். எம்மிலும் நன்றாகச் சொல்வார்கள். ஆகையால் நாம் ஒரு குளிசையிலிருந்து தொடங்குகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. இடைவேளையில் எமது குழுவின் பிள்ளையொருவன் முழங்காலைப் பிடித்தபடி புல்லில் இருந்தான். சுற்றி நின்ற பெரியவர்களுள் ஒருவர் சட்டைப் பையிலிருந்து கடதாசியில் மடித்த இரண்டு குளிசைகளை எடுத்து, "போடு தம்பி, நோத் தெரியாது" என்று நீட்டினார். பிள்ளை ஒரு சொல்லும் கேளாமல் விழுங்கினான். அவர் சொன்னபடியே நோத் தெரியவில்லை. இரண்டாம் பாதி முழுவதும் ஓடினான். வென்றோம், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தோம். மறுநாட் காலையில் முழங்கால் வீங்கி மடக்க முடியாமற் போயிற்று. அடுத்த பருவகாலம் முழுவதும் அவன் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தான். அது என்ன குளிசை என்று இன்றுவரை எங்களில் எவருக்கும் தெரியாது. கொடுத்தவர் கெட்டவர் அல்லர், பிள்ளையில் அன்புள்ளவர். அவன் விழுங்குவதற்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டியவர்கள் நாமே.

நோவானது உடம்பு அடிக்கும் மணி. மணியின் நாவைக் கட்டிவிட்டால் தீ அணைந்துவிடுமா? கிழிந்த நாரோடு அந்தப் பிள்ளை நாற்பத்தைந்து நிமிடம் ஓடினான், கிழிசல் பெரிதாயிற்று.

போதை என்றவுடன் சந்தியில் நிற்கும் அந்நியன் ஒருவனைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பயமுறுத்துகிறோம். அவனும் இருக்கிறான், மறுப்பதற்கில்லை. ஆனால் விளையாட்டு உலகத்தின் கதைகளைப் புரட்டிப் பார்த்தால், கொடுத்த கை பெரும்பாலும் தெரிந்த கையாகவே இருக்கிறது. பயிற்றுநர், வைத்தியர், கூட்டாளி, மாமா. அந்நியனுக்கு "வேண்டாம்" என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம். பெரியவரிடம் "இது என்ன?" என்று கேட்கப் பழக்கினோமா?

முன்னாட் கிழக்கு ஜேர்மனியைப் பாருங்கள். 1974ஆம் ஆண்டு முதல் அங்கே ஊக்கமருந்து கொடுப்பது அரசின் இரகசியத் திட்டமாகவே நடந்தது. ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு, பதின்மூன்று பதினான்கு வயது நீச்சற் சிறுமிகளுக்குங்கூட, நீல நிறச் சிறு குளிசைகள் கொடுக்கப்பட்டன. அவை ஓரல் தூரினபோல் என்னும் மருந்து. ஆண்களுக்குரிய சுரப்பின் செயற்கை வடிவம். பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டதோ "வைற்றமின்" என்று. பதக்கங்கள் குவிந்தன. சிறுமிகளின் குரல் தடித்தது, முகத்தில் மயிர் அரும்பியது. பலருக்குப் பிற்காலத்தில் ஈரலும் இதயமும் கெட்டன. 2000ஆம் ஆண்டில் பேர்லின் நீதிமன்றம் அந்நாட்டு விளையாட்டுத் துறையின் முன்னாள் தலைவர் மன்பிரெட் ஏவால்டையும், விளையாட்டு மருத்துவர் மன்பிரெட் ஹெப்னரையும் குற்றவாளிகளாகக் கண்டது. கிடைத்தது ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைதான். கெட்ட உடம்புகளுக்கு அப்படி ஒத்திவைப்பு இல்லை.

இந்தவகை மருந்து வளரும் பிள்ளைக்குச் செய்யும் கேட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்; ஏனெனில் தசை பெருகுவதை மட்டுமே கண்ணாடி காட்டுகிறது. எலும்பின் முனையில் வளர்ச்சி நடக்கும் இடம் ஒன்று உண்டு. இம்மருந்து அதைக் காலத்துக்கு முன்பே மூடிவிடும். ஆறடி வளர வேண்டியவன் குறுகிப்போவான். வெளியிலிருந்து சுரப்பு வருவதைக் கண்ட உடம்பு தன்னுடையதை நிறுத்திவிடும். ஆணுக்கு விதை சுருங்கும், சந்ததிக்கே கேடு வரலாம். இரத்தத்தில் நல்ல கொழுப்புக் குறையும், இதயத்தின் தசை தடிக்கும். இன்று ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் டப்பாவில் வாங்கும் புரத மாவிலும், பெயர்ச்சீட்டிற் சொல்லாத இத்தகைய சரக்குக் கலந்திருந்தது பல நாடுகளிற் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பருப்பும் முட்டையும் பாலும் உண்டு வளர்ந்தவர்கள் எங்கள் ஊரில் மரதன் ஓடவில்லையா?

"நாங்கள் ஊசி போடவில்லை, பரியாரியார் தந்த மருந்துதானே" என்பார் சிலர். அவர்களுக்கு எங்கள் நாட்டுக் கதையே இருக்கிறது. 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் துடுப்பாட்டத்தில் நியூசிலாந்துடனான அரையிறுதி கொழும்பில் நடந்தது. அதன்பின் செய்த சோதனையில் உபுல் தரங்கவின் சிறுநீரில் பிரெட்னிசோலோன் என்னும் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. தோள் நோவுக்காக மூலிகை மருத்துவர் ஒருவர் கூறிய மருந்தை அவர் உட்கொண்டிருந்தார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பதைத் தீர்ப்பாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் மூன்று மாதத் தடை விதித்தார்கள். விதி அப்படி: வீரனின் உடம்பில் எது இருந்ததோ அதற்கு வீரனே பொறுப்பு, யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை அழிக்காது. எங்கள் நாட்டிலும் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே இயற்றப்பட்டது. பாடசாலை றகர் வீரர்களும் சோதனையில் அகப்பட்டிருக்கிறார்கள்.

தடிமலுக்குக் குடிக்கும் சில பாணிகளில் எபெதிரின் வகை உண்டு. அளவு மீறினால் போட்டி நாளில் அதுவும் குற்றம். ட்ரமடோல் என்னும் நோக்குளிசையும் 2024 தொடக்கம் போட்டிக் காலத்தில் தடை. இதைக் கேட்டு, தொய்வுக்காரப் பிள்ளை தன் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்! நீரிழிவுக்காரன் இன்சுலினை விடவும் வேண்டாம். வைத்தியரின் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பித்தால் உண்மையான நோய்க்கு அனுமதி கொடுக்க ஒழுங்கு இருக்கிறது. இதை எத்தனை விளையாட்டாசிரியர்கள் அறிவார்களோ!

இனிக் கூட்டாளியின் கை. அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் லென் பயஸ் என்றொரு கூடைப்பந்தாட்ட வீரர் இருந்தார். 1986 யூன் 17ஆந் தேதி பொஸ்ரன் செல்ரிக்ஸ் என்னும் பெயர்பெற்ற குழு, நாட்டிலேயே இரண்டாவது ஆளாக அவரைத் தெரிந்தெடுத்தது. 19ஆந் தேதி காலையில் அவர் இறந்தார். விடுதி அறையில் நண்பர்களோடு மகிழ்ந்திருந்தபோது உட்கொண்ட கொக்கெயின், இதயத்தின் தாளத்தைக் குலைத்துவிட்டது. வயது 22. அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வீரர்களைச் சோதிக்கத் தொடங்கியது. சோதனை வேண்டியதுதான். ஆனால் சோதிக்கிறவர் மைதானத்துக்கு வருவார். வெற்றி பெற்ற இரவில் அறைக்கு வரமாட்டார். அறையில் இருப்பவர் கூட்டாளி ஒருவரே.

பீடி, சிகரெட், மாவா, பியர் என்பவற்றைப் பற்றி நீட்டவில்லை. ஓட்டக்காரன் ஒருவனுக்கு ஒன்று மட்டும்: புகையிலுள்ள காபனோரொட்சைட்டை இரத்தம் ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். கடைசி நூறு மீற்றரில் மூச்சு எங்கே போயிற்று என்று தேடவேண்டியதில்லை. பெரியோர்களுக்கும் ஒன்று, கோபிக்க வேண்டாம். பெரிய போட்டி நாளில் பழைய மாணவர் கூடாரத்துக்குப் பின்னால் போத்தல் திறக்கும் சத்தம் ஆடுகளத்துக்குக் கேட்கிறது. அங்கே திறந்துவிட்டு இங்கே வந்து மேடையில் ஏறினால் பிள்ளைகள் சிரிக்கமாட்டார்களா?

திருமூலர் உடம்பை இறைவன் கோயில் கொண்ட இடமாகக் கண்டார். கோயிலுக்குள் ஒருவர் ஒரு பொருளைக் கொண்டுவந்தால் அது என்ன என்று குருக்கள் கேட்கிறார். கொண்டுவந்தவர் உபயகாரராயினும் கேட்கிறார். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. பெரியவர் சொன்னதை மறுபேச்சின்றிச் செய்வது எங்கள் பண்பு. அது நல்ல பண்புதான். ஆனால் அந்தப் பண்பே அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முழங்காலைத் தின்றது.

ஆகவே விளையாட்டுப் பிரிவில் இவ்வாண்டு ஓர் ஒழுங்கு செய்திருக்கிறோம். மைதானத்துக்கு ஒரே ஒரு மருந்துப் பெட்டி போகும். அதோடு ஒரு கொப்பி இருக்கும். எந்த மருந்து, யாருக்கு, எந்த வைத்தியர் சொல்லி, எத்தனை மணிக்கு என்று எழுதாமல் எதுவும் கொடுக்கப்படாது. சட்டைப் பையிலிருந்து ஒன்றும் வராது. எங்கள் சட்டைப் பையும் அதில் அடங்கும். எந்தப் பிள்ளையும் கொப்பியை வாங்கிப் பார்க்கலாம், "இது என்ன?" என்று எவரையும் கேட்கலாம், "வேண்டாம் ஐயா" என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்ன பிள்ளையைக் குழுவிலிருந்து நிறுத்துவதில்லை என்று நிர்வாக சபையில் எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கொப்பியின் முதற் பக்கத்தில், தேதியில்லாமல், மருந்தின் பெயர் "தெரியாது" என்று எழுதி, அந்தப் பழைய இறுதிப் போட்டியின் இரண்டு குளிசைகளையும் பதிந்து வைத்திருக்கிறோம். பெட்டியின் திறப்புச் செயலாளரிடம் இருக்கும்.