வீட்டுப் படலையும் நீதவானின் ஒப்பமும்

(சட்டத்தரணிகளும் கமக்காரர்களும் கூடியிருந்த சபையொன்றிலே நிகழ்த்திய உரை)



நள்ளிரவிலே படலை தட்டப்படும் ஓசையைக் கேட்டு நெஞ்சு பதைக்காத வீடுகள் நம்மிடையே மிகச் சிலவே. வந்தவர் யார், எதைத் தேடி வந்தார், எவர் கொடுத்த அதிகாரத்தோடு வந்தார் என்ற மூன்று கேள்விகளையும் துணிந்து கேட்பவரோ அதனினும் சிலர். குடிமகன் கேட்பதற்கு முன்னரே சட்டம் இக்கேள்விகளைக் கேட்டு விடை பெற்றிருக்க வேண்டும். அவ்விடையைத் தாங்கிய பத்திரமே தேடுதல் ஆணை. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களுள் ஒன்றான கலிபோர்ணியா இதற்கென வகுத்துள்ள சட்டத்தை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

அமெரிக்கர் இப்பாடத்தை ஏட்டிலிருந்து கற்றாரல்லர், பட்டுணர்ந்து கற்றனர். ஆங்கில முடியின் கீழ் அவர்கள் வாழ்ந்த காலத்தில், இன்ன வீடு, இன்ன பொருள் என்று குறியாத பொது ஆணைகளைக் கையிற் கொண்டு சுங்க அதிகாரிகள் வீடு புகுந்தனர். 1761இல் பொஸ்ரன் நகரிலே ஜேம்ஸ் ஓட்டிஸ் என்னும் சட்டத்தரணி அவ்வாணைகளை எதிர்த்து வாதாடித் தோற்றார். வழக்கு தோற்றது, கொள்கை தோற்கவில்லை. 1791இல் நடைமுறைக்கு வந்த அரசியல் யாப்பின் நான்காம் திருத்தம், போதிய காரணமும் சத்தியமுமின்றித் தேடுதல் ஆணை பிறத்தலாகாது என்று விதித்தது.

கலிபோர்ணியாவின் தண்டனைச் சட்டக்கோவை 1872ஆம் ஆண்டிலே பிறந்தது. அதன் 1524ஆம் பிரிவு, எவ்வெக் காரணங்களுக்காக ஆணை வழங்கலாம் என்பதை எண்ணிச் சொல்கிறது. களவாடப்பட்ட அல்லது கையாடப்பட்ட பொருள் ஒன்று. பாரதூரமான குற்றத்துக்குக் கருவியான பொருள் இரண்டு. குற்றஞ் செய்யும் நோக்கத்தோடு ஒருவர் வைத்திருக்கும் பொருளும், மறைத்து வைக்கும்படி அவர் பிறரிடம் ஒப்படைத்த பொருளும் மூன்று. பாரதூரமான குற்றம் நிகழ்ந்ததையோ அதைச் செய்தவர் இன்னாரென்பதையோ காட்டும் சான்று நான்கு. பிற்காலத்தில் வேறு சில காரணங்களும் சேர்க்கப்பட்டன. ஆனால் பட்டியல் எவ்வளவு நீண்டாலும், “இவன் மீது எமக்கு ஐயம்” என்ற ஒரு வரி அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம்.

கமக்காரர் ஒருவரின் நீர் இறைக்கும் இயந்திரம் களவு போயிற்று என்று கொள்வோம். பொலிஸ் அதிகாரி நீதவானிடம் சென்று, அது இன்ன வளவிலே கிடக்கிறது என்று நம்புவதற்கு உரிய செய்திகளைச் சத்தியக் கடதாசியில் எழுதி ஆணையிட்டு உறுதி செய்ய வேண்டும். தேட வேண்டிய இடமும் பொருளும் ஐயத்துக்கு இடமின்றி விவரிக்கப்பட வேண்டும். இயந்திரத்துக்குப் பெற்ற ஆணையைக் காட்டி வீட்டுப் பெண்களின் நகைப்பெட்டியைத் திறக்க இயலாது; இயந்திரம் நகைப்பெட்டிக்குள் அடங்காது என்பது சட்டத்துக்கும் தெரியும்.

அப்படியாயின் மொட்டைக் கடிதம் போதிய காரணம் ஆகுமா? 1983இல் இலினோய் மாநிலத்து வழக்கொன்றிலே நாட்டின் உயர் நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. பெயரில்லாக் கடிதம் தனித்து நின்றால் போதாது; பொலிஸார் தாமே விசாரித்து அதன் விவரங்கள் மெய்யென்று கண்டால், எல்லாவற்றையும் ஒருங்கே வைத்து நீதவான் முடிவு செய்யலாம் என்றது. பகைவன் எழுதிய கடிதத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் ஒரு நீதவான் நிற்கிறார் என்பதே இதன் பொருள்.

ஆணை கிடைத்த பின்னரும் கட்டுப்பாடு தீர்வதில்லை. தக்க காரணங் காட்டி விசேட அனுமதி பெற்றாலன்றி, காலை 7 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையிலேயே கலிபோர்ணியாவில் தேடலாம். 10 நாட்களுக்குள் ஆணையை நிறைவேற்றி நீதிமன்றுக்குத் திருப்ப வேண்டும். எடுத்த பொருளுக்குப் பற்றுச்சீட்டு அளிக்க வேண்டும். இச்சபையில் இருக்கும் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் இன்னொன்றையும் அறிதல் நலம்: குற்றத்திலே தொடர்பில்லாத சட்டத்தரணி, வைத்தியர், மதகுரு ஆகியோரிடமுள்ள ஆவணங்களைத் தேடும்போது நீதிமன்றம் நியமிக்கும் விசேட அலுவலர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். நம்பிச் சொன்னவரின் இரகசியம் அங்கே அவ்வாறு காக்கப்படுகிறது.

விதியை மீறினால் என்ன? 1955இல் கலிபோர்ணியாவின் உயர் நீதிமன்றம், சட்டத்துக்கு மாறாகத் தேடிப் பெற்ற சான்றை வழக்கிலே ஏற்பதில்லை என்று தீர்த்தது. 1957இல் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரிலே டொல்றீ மாப் என்ற பெண்மணியின் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்த பொலிஸார், ஒரு கடதாசியை ஆணையென்று காட்டினர். விசாரணையிலோ எந்த ஆணையும் சமர்ப்பிக்கப்படவில்லை. 1961இல் நாட்டின் உயர் நீதிமன்றம் அவருடைய தண்டனையை நீக்கி, கலிபோர்ணியா ஆறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த நெறியை எல்லா மாநிலங்களுக்கும் உரியதாக்கியது.

சமஷ்டியின் பயனை இங்கே காண்கின்றோம். மத்திய யாப்பு தருவது குறைந்தபட்சப் பாதுகாப்பு. அதற்குக் கீழே எம்மாநிலமும் இறங்கலாகாது. மேலே ஏறுவதற்குத் தடையில்லை. 1984இல் நாட்டின் உயர் நீதிமன்றம், குறைபாடுள்ள ஆணையையும் நல்லெண்ணத்தோடு நம்பிய பொலிஸாரின் சான்றை ஏற்கலாம் என்று தளர்த்தியபோது, 1987இல் நியூ ஜேர்சி மாநில நீதிமன்றம் தன் யாப்பின் கீழ் அத்தளர்வுக்கு இடமில்லை என மறுத்தது.

நம் நாட்டிலே 1979ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் பிறந்தன. 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, நீதிமன்றம் வழங்கும் தேடுதல் ஆணைக்கு வழி வகுத்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, பொலிஸ் அத்தியட்சகரும், அவர் எழுத்தில் அதிகாரமளித்த உப பரிசோதகரும் ஆணையின்றியே எவ்விடத்திலும் புகுந்து தேடலாம் என்றது. மூன்று ஆண்டுக்கெனக் கொண்டுவரப்பட்ட அது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. முதற் சட்டத்திலே நீதவான் வாசலில் நின்றார்; இரண்டாவதிலே தேடுபவரும் தேட அனுமதிப்பவரும் ஒரே படையினராயினர்.

குற்றவாளிக்குப் புகலிடம் கேட்கின்றோமல்லோம். களவு போன இயந்திரம் உரியவரிடம் திரும்ப வேண்டும் என்பதில் நம்மைவிட அக்கறையுள்ளவர் யார்? நாம் கேட்பது ஒன்றே: காரணத்தை எழுதுங்கள், சத்தியஞ் செய்யுங்கள், உங்கள் படையைச் சேராத நீதவானிடம் ஒப்பம் பெற்று வாருங்கள். அப்போது படலையை நாமே திறந்து விடுவோம்.