எடை ஏறுகிறது, உயரம்?



எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் பேரனைக் கையில் பிடித்தபடி மாத்திரை வாங்க வரும் பாட்டிகளைப் பார்க்கலாம். பேரன் எடை மெஷினில் ஏறி இறங்குவான். "ஒரு கிலோ கூடியிருக்கும்மா" என்றதும் பாட்டியின் முகம் மலரும். மலரட்டும். அதே பையனைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளந்தால் வேறு கதை தெரியும். வயது பத்து; உயரமோ ஏழு வயதுக்காரனுடையது.

தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிய பிள்ளை குட்டையாக இருந்தால் வம்சவாகு என்று விட்டுவிடக் கூடாது. வைரஸோடு மல்லுக்கட்டியே உடம்பு தின்றதைச் செலவழித்துவிடும். நடுவில் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண் வேறு. நோய்க்குறி இல்லாத பிள்ளைக்கே 10 சதவீதம் கூடுதல் கலோரி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும். எடை இறங்கிக்கொண்டே போகிற பிள்ளைக்கு 50 முதல் 100 சதவீதம் வரை கூட்ட வேண்டும். சிகிச்சை தொடங்கியதும் எடைதான் முதலில் தேறும். உயரம் மெதுவாகப் பின்னால் வரும். மருந்தைத் தாமதமாகத் தொடங்கிய பிள்ளைகள் பலருக்கு விட்ட உயரம் முழுதாகக் கிடைப்பதில்லை.

கொழுப்பு எங்கே சேர்கிறது, எங்கே கரைகிறது என்பதையும் எடை மெஷின் சொல்லாது. 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய காலத்து மருந்து ஸ்டாவுடின். பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் நாளாக ஆகக் கன்னம் ஒட்டும், கைகால் நரம்பு புடைத்துத் தெரியும். 2009இல் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்தது கொலஸ்ட்ரால். லோபினாவிர்-ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கு அது ஏறலாம். லேப் சீட்டில் '200க்குள் இயல்பு' என்று அச்சிட்டிருப்பார்கள். அது பெரியவர்கள் கணக்கு. பிள்ளைகளுக்கு 170க்குள் இருப்பதே நல்லது. 185 வந்த சீட்டை, சரிதான் என்று மடித்து வைத்துவிடுகிறோம்.

இதற்கு நேர்மாறாக, "கொழுப்பு ஏறுதாம்" என்று மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அதுதான் எனக்குப் பெரிய பயம். நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் பெருகிவிடும். மருந்தை மாற்ற வழி இருக்கிறது. டோலுடெக்ராவிர் அவ்வளவாகக் கொழுப்பை ஏற்றுவதில்லை. டாக்டரிடம் கேளுங்கள்.

பாட்டியோடு வந்த பையனுக்குக் கொலஸ்ட்ரால் கவலையெல்லாம் கிடையாது. ஸ்கூல் பிரேயரில் தன்னையே எப்போதும் வரிசையின் முன்னால் நிறுத்துகிறார்களே என்பதுதான் அவன் குறை.