காலுக்கடியில் இருக்கும் பலகை

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் கேட்கலாமென்று வந்த இடத்தில், டிரெய்லர் பலகையைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எண்ணட்டும். பால் பீப்பாயும் கட்டிப்பாலும் உரமூட்டையும் ஏறி இறங்கும் அந்தப் பலகையின்மேல்தான் நம் ஆட்கள் நாள்தோறும் நிற்கிறார்கள். அது உளுத்துப்போனால் முதலில் போவது தோட்டத்தின் பணமன்று, தொழிலாளியின் கால். பலகை உடைந்து முழங்கால்வரை உள்ளே போய், இரும்புச் சட்டத்தில் எலும்பு முறிந்தவனுக்குச் சம்பள உயர்வு வந்து என்ன பயன்?

சுமை டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்லவே கூடாது என்பது எங்கள் கருத்து. அது தனி வழக்கு. ஆனால் சுமை ஏற்ற இறக்க யாராவது மேலே நின்றுதானே ஆகவேண்டும்?

தோட்டங்களில் நாம் காண்பது என்ன? ஒரு பலகை உடைந்தால் அதன்மேல் இன்னொரு பலகையை வைத்து ஆணியடித்துவிடுவது. "ஒரு பலகைதானே அண்ணே, போதும்" என்கிறார் டிராக்டர் ஓட்டும் தம்பி. அவர்மேல் குற்றமில்லை, அவருக்குக் கொடுத்த பலகை அவ்வளவுதான். ஆனால் உளுத்த பலகைமேல் நல்ல பலகையை அடித்தால் இரண்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் தங்கும். கீழே உள்ள நோய் மேலே ஏறும். நல்லதும் கெட்டுவிடும்.

மரம் ஏன் உளுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். வயதானதால் மரம் உளுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத காளான் அதைத் தின்கிறது. அந்தக் காளானுக்கு மரமும், காற்றும், வெப்பமும், ஈரமும் வேண்டும். முதல் மூன்றை நம் நாட்டில் தடுக்க முடியாது. ஈரத்தை மட்டுமே தடுக்கலாம். மரத்தின் எடையில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் காளான் வளராது. கூரையின் கீழ் காற்றாட நிற்கும் பலகை அந்த அளவுக்குக் கீழே தானாகவே இறங்கிவிடும். மழை நாட்டில் இருப்பதால் பலகை கெடவில்லை. நனைந்த பலகையை உலரவிடாததால் கெடுகிறது.

பலகையின் மேல்பரப்பு வழியாகத் தண்ணீர் மெதுவாகவே உள்ளே போகும். அறுத்த முனையிலோ நரம்புகளெல்லாம் வாய் திறந்து நிற்கின்றன. குழாயில் ஏறுவதுபோல் தண்ணீர் ஏறும். ஆகவே உளுப்பு தொடங்கும் இடங்கள் பலகையின் இரு முனைகள், போல்ட்டுத் துளைகள், இரும்புச் சட்டத்தின்மேல் பலகை உட்காரும் இடம், பக்கப் பலகையின் அடிப்புறம் ஆகியவை. மேலே நின்று பார்த்தால் இவற்றில் பாதி தெரியாது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, டிரெய்லருக்கு அடியில் குனிந்து பாருங்கள். பழைய திருப்புளி ஒன்றால் குத்துங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. உளுத்தது கேக்கைப்போல் விடும். சுத்தியலால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று பேசும், கெட்டது பொத்தென்னும். வெளுத்து நார் நாராகப் பிரிந்தாலும், பழுப்பாகிச் சதுரம் சதுரமாக வெடித்தாலும் அந்தப் பலகை முடிந்தது. கருங்கறை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் இரும்பும் மரச்சாறும் கலந்த கறை.

இனி, எந்த மரம்? ரப்பர்த் தோட்டத்தில் இருப்பதால் ரப்பர் மரத்தையே அறுத்துப் போடலாமென்று ஒருவர் சொன்னார். மேசை நாற்காலிக்கு அது அருமையான மரம். வெளியே மழையில் கிடக்க அது ஆகாது; நீலக்கறையும் வண்டும் காளானும் உடனே வந்துவிடும். மேசைக்காக அதில் ஏற்றும் போரான் மருந்து மழையில் கரைந்து போய்விடும். நம் காட்டு மரங்களில் செங்கால் பேர்பெற்றது. பாலாவும் வலுத்தது. இவை மருந்தில்லாமலே நெடுநாள் தாங்கும் கடின மரங்கள். குருயிங் நடுத்தரம், லோரித் தட்டுக்கு அதைப் போடுவதுண்டு, ஆனால் மருந்து ஏற்றியிருக்க வேண்டும். இலேசான மெராந்தியைத் தட்டுக்கு வாங்காதீர்கள். இன்னொன்றை மறந்துவிடக் கூடாது: எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான் தாங்கும். வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதி, செங்காலில்கூட உளுக்கும். ஒரு விளிம்பில் மட்டும் வெளுத்திருக்கும் பலகையைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். வாங்காதீர்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு கணக்கு. 12 அடி நீளம், 6 அடி அகலத் தட்டுக்கு 2 அங்குலப் பலகை போட்டால் 12 கன அடி மரம் ஆகும். மரக்கடையில் ஒரு டன் என்பது 50 கன அடி; ஆக, கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. சேதாரத்துக்காகக் கால் டன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். செங்காலானால் தட்டு மட்டும் 300 கிலோவுக்குமேல் நிறுக்கும். அந்த எடையைச் சுமையில் கழிக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும். வெளிப்புற மரத்துக்கான மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. காளானைக் கொல்வதில் அது கெட்டிக்கார மருந்து. ஆனால் செம்பு ரப்பருக்குப் பகை. சிறிதளவு கலந்தாலும் ரப்பர் பிசுபிசுத்துக் கெடும். ஆகவே கட்டிப்பாலை நேரே கொட்டும் டிரெய்லருக்குச் செம்பு மருந்து ஏற்றிய பலகை வேண்டாம். அங்கே செங்கால்தான் ஏற்றது. பட்டறையில் வடித்த பழைய எஞ்சின் எண்ணெயைப் பலகையில் பூசும் வழக்கமும் வேண்டாம். அது காளானைக் கொல்லும் மருந்தன்று. பலகையை வழுக்க வைக்கும், தோலுக்குக் கேடு, மழையில் கழுவிப்போய் ஓடையில் சேரும். நாம் மீன் பிடிக்கும் ஓடையாகவும் அது இருக்கலாம்.

மாற்றும்போது பழைய பலகை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அப்போதுதான் இரும்புச் சட்டத்தின் முகம் தெரியும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, பற்றவைத்த இடங்களில் விரிசல் பார்த்து, துருத் தடுப்புச் சாயம் பூசி, நன்றாக உலர்ந்த பிறகே பலகை உட்கார வேண்டும். முதலில் அறுப்பதையும் துளையிடுவதையும் முடித்துவிட்டு, பிறகு முனைகளிலும் துளைகளுக்குள்ளும் மருந்தோ கெட்டிச் சாயமோ பூசுங்கள். மருந்து ஏற்றிய பலகையானாலும் அறுத்த இடத்தில் மருந்தில்லாத மரம் வெளியே வந்துவிடும். ஆணி வேண்டாம், குலுக்கலில் எழும்பிக் காலைக் கிழிக்கும். நாகம் பூசிய போல்ட்டு, அகன்ற வாஷர், அடியில் நட்டு. உலர்ந்த பலகையானால் இடையே கால் அங்குல இடைவெளி விடுங்கள். தண்ணீரும் மண்ணும் கீழே போகட்டும். பச்சைப் பலகையானால் நெருக்கிப் போடுங்கள். அது காய்ந்து சுருங்கித் தானே இடைவெளி விடும். இரண்டு மாதம் கழித்து நட்டுகளை மறுபடி முறுக்க மறக்கக் கூடாது.

பிறகு பெரிய வேலையில்லை. கட்டிப்பாலின் புளிப்பு நீரும் உரத்தின் உப்பும் பலகையிலும் போல்ட்டிலும் காயவிடாமல் அன்றன்றே கழுவுங்கள். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் தண்ணீர் பின்னே ஓடிவிடும். நனைந்த கித்தானைத் தட்டின்மேல் மடித்துப் போட்டுவிட்டு லயத்துக்குப் போய்விடுகிறோமே, அதைப்போலக் காளானுக்கு விருந்து வேறில்லை.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலைக்கான கருவிகளையும் வண்டிகளையும் இயன்றவரை பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையை முதலாளியின்மேல் வைத்திருக்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஆனால் வாயால் சொன்னது காற்றோடு போகும். எந்த டிரெய்லர், எத்தனை பலகை, எந்தத் தேதியில் யாரிடம் சொன்னது என்பதைப் பால்வெட்டுத் தோழர் சொல்ல, கிராணியார் எழுத, குழுக் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு உழைப்பவர்களும் அதே பலகையில்தான் நிற்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள். 2019 ஜனவரி 1 முதல் வேலை விபத்துக்கான சொக்சோ பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு.

கழற்றிய பழைய பலகையை அடுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். பச்சை பாய்ந்த பலகையில் பாஷாண மருந்து இருக்கக்கூடும். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு நிற்கும். அந்தச் சாம்பலைக் கீரைப்பாத்தியில் கொட்டவும் கூடாது. பட்டறையிலேயே ஒதுக்கி வைத்து, எங்கே அப்புறப்படுத்துவதென்று ஆபீசில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.